ஏழு இடிமணிகள்

மணி அடிக்கவில்லை.

நாரணாபுரத்திலிருந்து விருதுநகருக்கு வந்த செய்தியில் சங்கரபாண்டியனின் காதில் தங்கியது அது ஒன்றுதான். மற்றதையெல்லாம் பஸ் கண்டக்டர் ஒருவன் கடை வாசலில் நின்று மூச்சு விடாமல் சொன்னான். புதன்கிழமை பிற்பகல் மூன்றேகால் மணி. மழை இன்னும் விழவில்லை. அய்யாதுரை முதலாளியின் பட்டாசுக் கம்பெனிக்குள் இடி இறங்கிவிட்டது. இரண்டு ஷெட்டுகள் இருந்த இடத்தில் சுவர்கூட மிச்சமில்லை. நான்கு பெண்கள் போய்விட்டார்கள்.

"உங்க பெட்டி அங்கனதானண்ணே இருக்கு?"

"ஆமா."

"அடிக்கவே இல்லையாம்ணே."

கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைச் சங்கரபாண்டியன் மேஜைமேல் வைத்தான். அது உருண்டு கீழே விழுந்தது. அவன் குனியவில்லை.

"கடைசி பஸ் போயிருச்சாலே?"

"போயிருச்சுண்ணே. காலைல முத வண்டிக்கு வாங்க. எடம் போட்டு வைக்கேன்."

விருதுநகர் பஜாரில் அவன் நடத்திவந்தது ரேடியோ ரிப்பேர் கடை. ராணுவத்தில் சிக்னல் பிரிவில் ஏழு வருஷம் இருந்து திரும்பியவன். ஆனால் சிவகாசிப் பக்கம் அவனுக்கு வேறு பெயர். இடிமணிக்காரர்.

மழைக்காலத்தில் ரேடியோ கேட்ட எவருக்கும் தெரியும். நல்ல பாட்டு போய்க்கொண்டிருக்கும்போது நடுவில் கரகரவென்று ஓர் இரைச்சல் வரும். எங்கேயோ மின்னல் வெட்டுகிறது என்று அர்த்தம். நம் கண்ணுக்கு மின்னல் தெரியாது, காதுக்கு இடி கேட்காது. ரேடியோவுக்குக் கேட்டுவிடும். ஊரெல்லாம் அந்தக் கரகரப்பைத் திட்டியது. சங்கரபாண்டியன் ஒருவன்தான் அதை வைத்துப் பிழைக்கலாம் என்று நினைத்தான். பாட்டைக் கழித்துவிட்டு இரைச்சலை மட்டும் கேட்கிற ஒரு பெட்டி. இரைச்சல் ஓர் அளவைத் தாண்டினால் மணி அடிக்கும். மணி அடித்தால் வெடிமருந்து வேலையை நிறுத்திவிட்டு ஆட்கள் திடலுக்கு ஓடிவிட வேண்டும். இடி வந்து சேரக் கால்மணி நேரமாவது இருக்கும்.

முதல் பெட்டி மாவு மில் ஓடும்போதெல்லாம் அடித்தது. இரண்டாவது பெட்டி லாரி வந்தால் அடித்தது. சரக்கு ஏற்ற லாரி வாசலுக்கு வரும், மணி அலறும், பெண்கள் விழுந்தடித்து ஓடுவார்கள். லோடு மணி என்று பெயர் வைத்து ஒரு சீசன் முழுக்கச் சிரித்தார்கள். மூன்றாவது பெட்டி இடிக்கு மட்டும் அடித்தது. அதற்குள் வருஷம் 1962 ஆகிவிட்டது.

தேக்குப் பலகைப் பெட்டி. உள்ளே மூன்று டிரான்சிஸ்டர், ஒரு மணி; வெளியே, சோதித்துப் பார்க்க ஒரு பொத்தான். பட்டாசுக் கம்பெனிக்குள் கரண்டை யாரும் விடமாட்டார்கள் என்பதால் டார்ச் பேட்டரியிலேயே ஓடும். மருந்து அறைகளிலிருந்து தள்ளி, ஆபீஸ் ரூமில் அலமாரிமேல் இருக்கும். செப்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுவது அவன் மனைவி சொர்ணலட்சுமியின் வேலை. வெறும் நூல்கண்டுக் கட்டையில் முந்நூற்று இருபது சுற்று. எண்ணிக்கை தவறினால் வாய்க்குள் ஒரு வசவு, பிறகு முதலிலிருந்து. ஆர்டர் கடிதங்களுக்குப் பதில் எழுதுவதும் அவள்தான். இரண்டு வருஷத்தில் ஏழு பெட்டி விற்றிருந்தது. இப்போது 1964. ஏழில் ஒன்று அடிக்கவில்லை.

புதன் இரவு அவன் சொர்ணலட்சுமியிடம் பேசியது கொஞ்சம்தான்.

"நம்ம பெட்டிதானா?" என்றாள் அவள்.

"நம்ம பெட்டிதான்."

"பேட்டரி மாத்தாம விட்டிருப்பாகளோ?"

"போய்ப் பாத்தாத்தான் தெரியும்."

அவனுக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். தவறு அந்த ஒரு பெட்டியிலா, இல்லை ஏழிலுமா? அந்த ஒன்றில் என்றால் யாரோ பேட்டரியைக் கவனிக்கவில்லை. ஏழிலும் என்றால் மிச்சம் ஆறு கம்பெனிகளில், இருநூறுக்கு மேல் ஆட்கள், கேட்காத காதை நம்பி மருந்து இடித்துக்கொண்டிருக்கிறார்கள். தீபாவளிக்குப் பதின்மூன்று நாள்தான் இருந்தது. பக்கத்துக் கம்பெனியில் சாவு என்பதற்காக யாரும் சீசனை நிறுத்தமாட்டார்கள்.

வியாழன் காலை நாரணாபுரத்தில் இறங்கினான். கம்பெனி வாசலில் ஒரு கான்ஸ்டபிள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். பெட்டியைப் பார்க்க வந்தவன் என்றதும் உள்ளே விட்டார். கரி வாடையும் ஈர மண் வாடையும் கலந்து அடித்தன. வேப்பமரம் உச்சியிலிருந்து அடிவரை பிளந்து வெள்ளையாக நின்றது. இருபது முப்பது உறவுக்காரர்கள் வேலியோரம் உட்கார்ந்திருந்தார்கள். அழுகை ஓய்ந்துபோன நேரம். அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ஆபீஸ் ரூம் தப்பித்திருந்தது. ஜன்னல் கண்ணாடிதான் இல்லை. படியில் ஃபோர்மேன் சுடலை உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது. நேற்றுப் போட்ட சட்டையை இன்னும் கழற்றவில்லை.

"வாங்க" என்றார் சுடலை. "சாப்பிட்டீகளா?"

பழக்கத்தில் வந்த கேள்வி. "ஆச்சு" என்றான் சங்கரபாண்டியன். அவன் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.

"காலைல பொத்தானை அமுக்கினேன்யா. தெனமும் அமுக்குவேன். நேத்தும் அமுக்கினேன். கணீர்னு அடிச்சுச்சு. சத்தியமா அடிச்சுச்சு."

"நான் இல்லைங்கலையே."

"முன்னெல்லாம் மேகத்தை நானே பாப்பேன். மேக்க லேசாக் கறுத்தாலும் எந்திரிங்கடீன்னு கத்திருவேன். உங்க பெட்டி வந்தப்புறம் அதை விட்டுட்டேன். நேத்தும் கறுத்துச்சு. பாத்தேன். பஞ்சம்மா கேட்டா, அண்ணே கெளம்பவான்னு. மணி அடிக்கட்டும்த்தா, அடிச்சா நானே சொல்றேன், அம்புட்டு அவசரமான்னேன்." சுடலை கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். "அந்தப் பிள்ளை சிரிச்சுக்கிட்டே உள்ள போனா."

சங்கரபாண்டியன் ரூமுக்குள் போனான். அலமாரிமேல் பெட்டி வைத்த இடத்தில் இருந்தது. சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். பின் பலகையைக் கழற்றிப் பேட்டரியைப் பார்த்தான். நல்ல பேட்டரி. ஒயர் எதுவும் விடவில்லை. பொத்தானை அமுக்கினான்.

கணீரென்று அடித்தது.

வெளியே வேலியோரம் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கிழவர் எழுந்தே நின்றுவிட்டார். பொத்தானிலிருந்து விரலை எடுக்க அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அடிக்குது பாருங்க" என்றார் படியிலிருந்து சுடலை. "இப்ப அடிக்குது."

பொத்தான் பேட்டரியையும் மணியையும்தான் சோதிக்கும். காது கேட்கிறதா என்று சோதிக்காது. அதற்கும் ஒரு வழி செய்ய வேண்டும் என்று இரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தான். காது என்பது வெளியே கம்பத்திலிருந்து வரும் கம்பி. ஏரியல். அது பெட்டியின் மேலே வலதுபக்கத்துப் பித்தளைத் திருகில் வந்து சேரும். இடதுபக்கத்துத் திருகிலிருந்து இன்னொரு கம்பி மண்ணுக்குள் போகும். இரண்டு திருகும் பெட்டியின் நெற்றியில் அரை முழ இடைவெளியில், ஆணி அடித்தமாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அந்த இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. தொட்டால் வருகிற இரைச்சல் முழுவதும் பெட்டிக்குள் போகாமலே மண்ணுக்குப் போய்விடும்.

இரண்டு திருகுகளுக்கும் நடுவில் ஒரு ஜிகினா மாலை தொங்கியது.

தகதகவென்று, கெட்டியாக முறுக்கிய ஜிகினாத் தகட்டு மாலை. வலது திருகில் ஒரு சுற்று, இடது திருகில் ஒரு சுற்று. சாமி படத்துக்குப் போடுவதுபோல் நடுவில் வளைந்து அழகாக இறங்கியிருந்தது. ஆயுத பூஜை முடிந்து எட்டு நாள் ஆகியிருந்தது.

அவன் மாலையைக் கழற்றினான். 

"எடுத்துருங்க" என்றார் சுடலை. "துட்டி நடந்த எடத்துல மாலை எதுக்கு."

இப்போது சொல்லியிருக்கலாம். அவன் மாலையைச் சுருட்டிப் பையில் போட்டான்.

"நாலு மணிக்கு டிராவலர்ஸ் பங்களாவுக்கு வரச் சொல்லியிருக்காக" என்றார் சுடலை. "மதராஸ்ல இருந்து வெடிமருந்து இன்ஸ்பெக்டர் வாராராம். மேகத்தைப் பாத்தியாம்பாக. பாத்தேன்னுதான் சொல்லணும். பெறகு ஏன் ஆளை வெளிய அனுப்பலைம்பாக. முதலாளி முகங்குடுத்தே பேசலை. என்னைய உள்ள வச்சிருவாகள்ல?"

"தெரியலை."

"வச்சா வைக்கட்டும்" என்றார் சுடலை. "வெளிய இருந்து மட்டும் என்னத்துக்கு."

சங்கரபாண்டியன் சிவகாசிக்கு நடந்தான். இரண்டு மைல். அந்த மாலையை யார் முறுக்கினார்கள் என்று யோசிக்க வேண்டிய தேவை இல்லை.

புரட்டாசி மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம். இந்தப் பக்கத்தில் ஆயுத பூஜைக்குச் சரக்குக் கொடுப்பவர்கள் வாங்குபவர்களுக்கு ஏதாவது அனுப்புவது வழக்கம். பேப்பர் வியாபாரி பழத்தட்டு அனுப்புவார். மிஷின்காரர் காலண்டர் அனுப்புவார். நாமும் அனுப்பினால்தான் அடுத்த வருஷம் ஆர்டர் வரும் என்றாள் சொர்ணலட்சுமி. வாழ்த்துக் கார்டுக்காரர்களிடமிருந்து ஜிகினாத் தகடு வாங்கிவந்து ஒரு வாரம் உட்கார்ந்து ஏழு மாலை முறுக்கினாள். விரலெல்லாம் கீறல்.

"ஏங்க, இதை எங்கன மாட்டச் சொல்லி எழுத?"

அவன் ஒயர் ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். கண் ஈயப் பொட்டின்மேல் இருந்தது.

"மேலதான் ரெண்டு திருகு இருக்குல்ல. அதுல மாட்டச் சொல்லு."

அவள் அப்படியே எழுதினாள். ஏழு பார்சலிலும் ஏழு துண்டுச் சீட்டு. 'மேலே உள்ள இரண்டு திருகுகளிலும் மாலையை மாட்டிக்கொள்ளவும். இங்ஙனம், சங்கரபாண்டியன்.' அவனே கையெழுத்துப் போட்டான். ஏழு தடவை.

ஆக, ஏழிலும்.

சிவகாசி பஸ் ஸ்டாண்டில் வாடகைக்கு ஒரு சைக்கிள் எடுத்தான். மணி ஒன்பதரை. வானம் வெளுத்துக் கிடந்தது. ஐப்பசியில் காலை இப்படித்தான் இருக்கும். இரண்டு மணிக்குமேல்தான் மேற்கே மலைப்பக்கம் திரளும்.

முதல் கம்பெனியில் மேனேஜர் அவனைப் பார்த்ததும் எழுந்தார்.

"இடிமணிக்காரரே, நாரணாபுரத்துல என்ன ஆச்சு உம்ம பெட்டிக்கு?"

"பாத்துட்டு வாரேன். எல்லாப் பெட்டியையும் ஒரு தடவை செக் பண்றேன்."

"நம்ம பெட்டி காலைலகூட அடிச்சுச்சே."

"அடிக்கும்." மாலையைக் கழற்றினான். "தூசி படியுது. இனிமே இங்கன எதுவும் மாட்ட வேண்டாம்."

"நீங்க அனுப்புன மாலைதானய்யா!"

"ஆமா. தூசி படியுது."

அந்தப் பொய் மிகச் சுலபமாக வந்தது. இரண்டாவது இடத்தில் இன்னும் சுலபம். மூன்றாவது கம்பெனியில் திரி வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்தார்கள்.

"மாலையைத் திரும்ப வாங்க வந்துருக்காரு பாருடி! ஏண்ணே, வேற எவளுக்காவது போடணுமா?"

"வெள்ளைத்தாயி, நீ வேணா களுத்தை நீட்டு."

"எனக்கெதுக்குடி இடி விளுற மாலை!"

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான் என்றுதான் நினைவு. முகம் அசைந்தது தெரிந்தது. நான்காவது, ஐந்தாவது. பையில் இப்போது ஆறு மாலைகள். மதியம் ஒரு கடையில் சாப்பிட்டான். இலையில் என்ன வைத்தார்கள் என்று கேட்டால் அவனால் சொல்ல முடியாது. சைக்கிளை மிதித்தான். எதிர்காற்று. இந்த ஒன்றையும் கழற்றிவிட்டால் ஏழு பெட்டிக்கும் காது கேட்கும். பிறகு அந்த மாலையைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. பேட்டரி நன்றாக இருந்தது, பொத்தான் அடித்தது, மேகத்தைப் பார்த்தும் ஃபோர்மேன் ஆட்களை அனுப்பவில்லை. பங்களாவில் அவ்வளவுதான் எழுதப்படும். அவன் எதையும் செய்யத் தேவையில்லை. சும்மா இருந்தால் போதும்.

சாத்தூர் ரோட்டில் பேச்சியம்மாளின் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டேகால். மேற்கே மலை தெரியவில்லை. மலை இருக்க வேண்டிய இடத்தில் மை கொட்டினாற்போல் இருந்தது.

பேச்சியம்மாள் புருஷன் செத்தபிறகு ஒன்பது வருஷமாகத் தனி ஆளாகப் பட்டாசுக் கம்பெனி நடத்துகிறவள். லைசென்ஸ், மருந்து, லாரி எல்லாம் அவளே பார்ப்பாள். விற்ற ஏழு பெட்டிகளில் முதலாவதை வாங்கியவளும் அவள்தான். ஆபீஸ் ரூமில் லேபிள் கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"வாங்க தம்பி. நீங்க வருவீகன்னு தெரியும். பெட்டி நல்லாத்தான் இருக்கு."

"மாலையை எடுக்கணும்மா."

"எதுக்கு?"

"தூசி படியுது."

பேச்சியம்மாள் எண்ணுவதை நிறுத்தினாள். "ஏன், தொடைக்கத் துணி இல்லையா? அது நீங்க அனுப்புனது மட்டும்னா எடுத்துட்டுப் போங்கன்னுருவேன். நான் இருக்கங்குடிக்குக் கொண்டுபோய் ஆத்தா காலடியில வச்சு, குங்குமம் தொட்டு மாட்டியிருக்கேன். தீபாவளிக் கடைசி லோடு கெளம்புற வரைக்கும் எடுக்க மாட்டேன்னு வேண்டியிருக்கு. அதுவும் நேத்து அப்படி ஒண்ணு நடந்தபெறகு யாராவது எடுப்பாகளா?"

"எடுத்துட்டுத் திரும்பப் போட்டுருவோம்."

"எடுத்தா எடுத்ததுதான். அங்கன அய்யாதுரை மாலை போட்டாரோ என்னமோ, யாரு கண்டா."

அவன் ஜன்னல் வழியாகப் பார்த்தான். மைக்குள் ஒரு வெளிச்சம் உதறியது. மனசுக்குள் எண்ணினான், ஐந்து எண்ணினால் ஒரு மைல். ஐம்பதுவரை எண்ணியும் சத்தம் வரவில்லை. பத்து மைலுக்கு அந்தப் பக்கம். காற்று இந்தப் பக்கம் அடித்தது.

"அம்மா, ஆளை வெளிய அனுப்புங்க. இடி வருது."

"எங்க?" பேச்சியம்மாள் அலமாரியைப் பார்த்தாள். "பெட்டி கம்முனு இருக்கே."

"பெட்டியை விடுங்க. வானத்தைப் பாருங்க."

"நல்லாருக்கே கதை! பெட்டி அடிக்காம எந்திரிக்கக் கூடாதுன்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீக? மேகத்தைப் பாத்து ஓடி ஓடித்தான் பாதி நாள் வேலை போகுதுன்னு இதே நாற்காலியில உக்காந்து பேசுனீகள்ல? அறுபது பேரு உள்ள இருக்காக. எண்ணிக்கைக்குக் கூலி. சும்மா எளுப்பிவிட்டா என்னைத்தான் ஏசுவாக. உங்க பெட்டியை நம்பாம உங்களை நம்பச் சொல்றீகளா?"

மறுபடி வெளிச்சம். எண்ணினான். முப்பத்தெட்டில், தரை வழியாக வந்ததுபோல் ஒரு முனகல் கேட்டது. எட்டு மைலுக்குள் வந்துவிட்டது. காது இருந்திருந்தால் பெட்டி இந்நேரம் அடித்திருக்கும்.

"அது எங்கயோ ராஜபாளையத்துல" என்றாள் பேச்சியம்மாள்.

சங்கரபாண்டியன் பையிலிருந்த ஆறு மாலைகளையும் எடுத்து மேஜைமேல், லேபிள் கட்டுகளின் மேல் வைத்தான்.

"தூசி இல்லம்மா. பொய் சொன்னேன். இது ஜிகினாத் தகடு. ரெண்டு திருகுலயும் மாட்டுனா பெட்டிக்குக் காது அடைச்சிரும். பொத்தானை அமுக்குனா அடிக்கும், இடிக்கு அடிக்காது. நாரணாபுரத்துப் பெட்டியிலயும் இது கெடந்துச்சு. நாலு பேரு செத்தது அதனாலதான். மாலை என் வீட்டுல முறுக்குனது. அங்கன மாட்டச் சொன்னது நான்."

அவன் குரல் உயரவில்லை. ரிப்பேருக்கு வந்த ரேடியோவில் எந்த வால்வு போய்விட்டது என்று சொல்கிற அதே குரல்.

பேச்சியம்மாள் மாலைகளைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய், ஸ்டூல்மேல் ஏறி, தன் கையாலேயே அலமாரிமேல் இருந்த மாலையைப் பற்றி இழுத்தாள். ஒரு முனை திருகில் சிக்கிக்கொண்டது. அவள் இழுத்த இழுப்பில் அறுந்தது.

மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை. மலைப்பக்கம் வெளிச்சம் உதறியது. பெட்டி அடித்தது. நிற்காமல் அடித்தது.

பேச்சியம்மாள் வாசலுக்குப் பாய்ந்தாள். "ஏலே ராக்கப்பா! மருந்தை மூடச் சொல்லு! எல்லாரும் திடலுக்கு! ஓடுங்கடி, சட்டியை விட்டுட்டு ஓடுங்க!"

ஷெட் ஷெட்டாகப் பெண்கள் வெளியே வந்தார்கள். கையெல்லாம் வெள்ளி நிறத்தில் மருந்துத் தூள். மரங்கள் இல்லாத பொட்டல் திடலின் தாழ்வான பக்கத்தில் போய்க் குந்தினார்கள். ஒருத்தி முறத்தைத் தலைக்குமேல் பிடித்திருந்தாள். இன்னொருத்தி, "அரை நாள் போச்சு, போ" என்று முனகினாள். இருபது நிமிஷத்தில் மேகம் தலைக்குமேல் வந்தது. மூன்று இடி விழுந்தன. ஒன்று கண்மாய்க்கு அந்தப் பக்கம் பனையில் இறங்கியிருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். கம்பெனிக்குள் எதுவும் விழவில்லை. பெருந்துளியாக நாலு தூறல் போட்டுவிட்டு மேகம் கிழக்கே போனது. மணி நின்றது. பெண்கள் எழுந்து பாவாடைப் புழுதியைத் தட்டிக்கொண்டு உள்ளே போனார்கள்.

தனக்கு ஏதாவது தோன்றும் என்று சங்கரபாண்டியன் காத்திருந்தான். ஒன்றும் தோன்றவில்லை. மணி அடித்தது, ஆட்கள் வந்தார்கள், போனார்கள். பெட்டி சரியாக வேலை செய்தது.

"மத்த அஞ்சு எடத்துல என்ன சொல்லி எடுத்தீக?" என்றாள் பேச்சியம்மாள்.

"தூசின்னு."

"இங்கயும் நான் எடுக்க விட்டிருந்தா?"

"தூசியோட போயிருப்பேன்."

அவள் அலமாரிமேல் இருந்த பெட்டியைப் பார்த்தாள். பிறகு, "பெட்டி இங்கன இருக்கட்டும்" என்றாள். "அது தேவைப்படுது. நீங்க இனிமே இந்த வாசலுக்கு வராதீக."

"சரிம்மா."

"இதையெல்லாம் எடுத்துட்டுப் போங்க."

மாலைகளைப் பையில் போட்டுக்கொண்டான். அறுந்ததையும் சேர்த்து ஏழு.

டிராவலர்ஸ் பங்களாவை அடைந்தபோது மணி நாலேகால். வராந்தா பெஞ்சில் சுடலை உட்கார்ந்திருந்தார். துவைத்த சட்டை போட்டிருந்தார். தலையைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தார். பக்கத்தில் ஒரு துணிப்பை. அதில் ஒரு வேட்டி, துண்டு, பல்பொடிப் பொட்டலம். உள்ளே இருக்கப்போகிறவன் கொண்டுவந்த பை.

"நீங்களும் வரணும்னுட்டாகளா?" என்றார் சுடலை.

"இல்ல. நானா வந்தேன்." அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். "நேத்து மணி அடிக்காததுக்குக் காரணம் அந்த மாலை. காலைல பெட்டியைப் பாத்த ஒடனே தெரிஞ்சுபோச்சு."

சுடலைக்கு முதலில் புரியவில்லை. அவன் இரண்டாம் தடவை சொன்னான். திருகு, தகடு, மண்கம்பி. இந்தத் தடவை சுடலைக்குப் புரிந்தது. அவர் கை பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்தது. அடிக்கப்போகிறார் என்று சங்கரபாண்டியன் நினைத்தான். அடிக்கட்டும் என்று காத்திருந்தான்.

"காலைலயே தெரியுமா?"

"தெரியும்."

"நான் எதுத்தாப்பலதான உக்காந்திருந்தேன். பஞ்சம்மாவை உள்ள போகச் சொன்னதைச் சொன்னேன். கேட்டுக்கிட்டுத்தான நின்னீக?"

"ஆமா."

"அவ வீட்டுக்குப் போயிட்டு வாரேன்யா. நேரா அவ புருஷன் கால்ல போய் விளுந்துட்டு வாரேன். நான்தான் கொன்னுட்டேன்னு சொல்லிட்டு வாரேன்." சுடலை துணிப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "ஒரு பகலு. ஒரு பகலு முச்சூடும்."

உள்ளே டைப் மிஷின் தட்டுகிற சத்தம் கேட்டது. கதவு திறந்து ஒரு குமாஸ்தா எட்டிப் பார்த்தார்.

"ஃபோர்மேன் சுடலை யாரு?"

சுடலை எழுந்தார். சங்கரபாண்டியன் அவருக்கு முன்னால் எழுந்து நின்றான்.

"அவருக்கு முன்னால நான் பேசணும். பெட்டி செஞ்சவன்."

குமாஸ்தா உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து தலையசைத்தார்.

இன்ஸ்பெக்டர் மூக்குக் கண்ணாடி போட்ட சின்ன உருவம். மரியாதையாக நாற்காலி காட்டினார். சங்கரபாண்டியன் பையை மேஜைமேல் கவிழ்த்தான். முதலிலிருந்து சொன்னான். இன்ஸ்பெக்டர் குறுக்கே இரண்டே கேள்விகள் கேட்டார்.

"மாலையைச் செய்தது யார்?"

"நான்."

"திருகில் மாட்டச் சொன்னது?"

"நான். என் கையெழுத்து இருக்கும். ஏழு கம்பெனியிலயும் கேட்டுப் பாருங்க."

இரண்டில் ஒன்று பொய். அன்றைக்கு அவன் சொன்ன பொய்களில் அது ஒன்றுதான் நாக்கில் தடுக்கியது. குமாஸ்தா தட்டி முடித்த தாளை நீட்டினார். படித்துப் பார்க்கச் சொன்னார்கள். அவன் படிக்காமல் கையெழுத்துப் போட்டான். விருதுநகருக்குப் போகக்கூடாது, ஸ்டேஷனில் இருக்க வேண்டும், காலையில் மாஜிஸ்ட்ரேட் முன்னால் ஆஜராக வேண்டும் என்றார் இன்ஸ்பெக்டர். அவன் தலையசைத்தான்.

பிறகு சுடலையை அழைத்தார்கள். பத்து நிமிஷத்தில் அவர் வெளியே வந்துவிட்டார். வராந்தாவில் கான்ஸ்டபிள் பக்கத்தில் சங்கரபாண்டியன் நின்றுகொண்டிருந்தான். சுடலை தன் துணிப்பையை எடுத்துக்கொண்டு படி இறங்கினார். பாதி முற்றம் போனவர் நின்றார். திரும்பி வந்தார்.

"வீட்டுக்கு யாரும் சொல்லிவிட்டாகளா?"

"இல்ல."

"அஞ்சரைக்கு ஒரு பஸ் இருக்கு. நான் போறேன். என்ன சொல்லணும்?"

சங்கரபாண்டியன் யோசித்தான். சொர்ணலட்சுமி இந்நேரம் ஜன்னலோரம் காயில் சுற்றிக்கொண்டிருப்பாள். எட்டாவது பெட்டிக்கு. கோவில்பட்டிப் பக்கத்து ஆர்டர்.

"ராத்திரி வரமாட்டேன்னு சொல்லுங்க. பேட்டரி நல்லாத்தான் இருந்துச்சுன்னு சொல்லுங்க. நேத்து ராத்திரி அவ கேட்டிருந்தா."

"மாலை?"

"அதை நான் வந்து சொல்லிக்கிடுறேன். நீங்க சொல்ல வேண்டாம்."

சுடலை அவனை ஒரு கணம் பார்த்தார். அந்தப் பார்வையில் இரக்கம் இருந்ததா, வெறுப்பு இருந்ததா, சங்கரபாண்டியனுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் அவன் முயலவில்லை. சுடலை துணிப்பையை அவிழ்த்தார். வேட்டியையும் துண்டையும் பல்பொடிப் பொட்டலத்தையும் எடுத்து அவன் கையில் வைத்தார். வெறும் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.

"போலாமா?" என்றார் கான்ஸ்டபிள்.

"ம்" என்றான் சங்கரபாண்டியன். "வாடகைச் சைக்கிள் ஒண்ணு வாசல்ல நிக்குது. போற வழியில விட்டுருவோம்."